கல்வியும் கண்ணொளியும்

(பள்ளங்கியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். எத்தனை பிள்ளைகள் பள்ளியிறுதித் தேர்வில் தேறினர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்கைச் செயலாளர் அவர்கள் தம் ஆண்டறிக்கையில் வாசிப்பார்கள். அந்தக் கணக்கில் இடம்பெறாத ஒன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றோம். அது நம் பிள்ளைகளின் கண்.

நம் வீடுகளில் எதுவும் இல்லாவிட்டாலும் சுவரில் ஒரு படம் உண்டு. கோட்டு அணிந்து, கையில் நூல் ஏந்தி, மூக்குக்கண்ணாடியுடன் நிற்கும் அண்ணல் அம்பேத்கரின் படம் அது. நம் குழந்தைகளிடம் பலப்பத்தைக் கொடுத்து அவரை வரையச் சொன்னால், முதலில் இரண்டு வட்டங்களையே வரைவார்கள். அந்தக் கண்ணாடி நமக்குக் கல்வியின் அடையாளம். ஆனால் அதே வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி அணிய வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் நாம் முகம் சுளிக்கின்றோம். ஏதோ குறை வந்துவிட்டது போல மறைக்கின்றோம். சுவரில் வணங்குவதை முகத்தில் அணிய ஏன் அஞ்சுகின்றோம்? இக்கேள்வியிலிருந்தே இவ்வுரை தொடங்குகின்றது.

நம் மாலை வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். உயரமான பிள்ளையாதலால் பள்ளியில் கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டிருந்தான். கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் ஏட்டைப் பார்த்தே எழுதுவான். அதற்காக அடியும் வாங்கினான். 'மக்கு' என்னும் பட்டமும் பெற்றான். வீட்டிலும் அதையே நம்பிவிட்டார்கள். இவனுக்குப் படிப்பு ஏறாது, அடுத்த ஆண்டு தோட்ட வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு நடந்தது. ஒரு நாள் மாலை பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது, வரும் வண்டி எந்த ஊர் வண்டி என்று அவன் பிறரைக் கேட்பதை நம் இளைஞர் ஒருவர் கண்டார். பெயர்ப்பலகை பெரிய எழுத்தில் எதிரே வந்துகொண்டிருந்தது. அன்றே எழுத்து அட்டையை மாட்டிச் சோதித்தார்கள். உச்சியில் இருந்த ஒரே ஒரு பெரிய எழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் தெரியவில்லை. பின்னர் கண் மருத்துவமனையில் இரு கண்ணுக்கும் 3 டயாப்டர் கிட்டப்பார்வை என்று அளந்து சொன்னார்கள்.

கண்ணாடி வந்த நாளில் அவன் நம் வகுப்பு வாசலில் நின்று பள்ளத்தாக்கின் மறுபுறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பார்க்கிறாய் தம்பி என்று கேட்டோம். "அங்கே படித்தோட்டத்தில் ஆட்கள் நிற்பது தெரிகிறது, அதில் எங்கள் அம்மா யார் என்றும் தெரிகிறது" என்றான். அதுவரை அந்த மலை அவனுக்கு வெறும் பச்சை நிறமாகவே இருந்திருக்கிறது. மக்கு என்று நாம் எழுதிவிட இருந்த பிள்ளை இன்று மேல்வகுப்பில் படிக்கின்றான். அவனைப் போல் கண்டுபிடிக்கப்படாமல் தோட்டத்துக்குப் போய்விட்டவர்கள் இந்த 25 ஆண்டுகளில் எத்தனை பேர் என்பதை நினைத்தால் நெஞ்சம் நடுங்குகின்றது.

இனிக் கிட்டப்பார்வை என்பது யாது என்று காண்போம். நம் கண் ஒரு சிறு உருண்டை. முன்புறத்தில் கருவிழிப் படலமும் அதன் உள்ளே லென்சும் உள்ளன. பின்சுவரில் விழித்திரை உள்ளது. வெளியிலிருந்து வரும் ஒளி சரியாக விழித்திரையின் மீது குவிந்தால் காட்சி தெளிவாக இருக்கும். பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். வளர்ந்தவர் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். இவ்வளர்ச்சி அளவோடு நின்றால் நன்று. அளவு கடந்து நீண்டுவிட்டால் தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடும். அருகில் உள்ளது தெரியும்; தொலைவில் உள்ளது மங்கும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் போதும், ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் அளவுக்குப் பார்வை மாறிவிடும். 3 டயாப்டர் உள்ளவனுக்கு ஏறத்தாழ ஓரடித் தொலைவுக்கு அப்பால் உள்ள அனைத்தும் மங்கல்தான். குழிலென்சு பொருத்திய கண்ணாடி அவ்வொளியைச் சற்று விரித்துப் பின்னுக்குத் தள்ளி விழித்திரையில் சேர்க்கின்றது. நீண்டுவிட்ட கண் மீண்டும் குறுகுவதில்லை. ஆகவேதான் நீளும்முன் காப்பது அறிவுடைமை.

கண் ஏன் அளவு கடந்து நீள்கின்றது? குடும்ப வழி என்பது ஓரளவு உண்மை. தாய் தந்தை இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகுதி. ஆனால் குடும்ப வழி ஒன்றே காரணம் அன்று என்பது நீண்ட காலமாகத் தெரிந்த செய்தி. 1867-ஆம் ஆண்டில் ஹெர்மன் கோன் என்னும் கண் மருத்துவர், அன்று செருமானிய நாட்டில் இருந்த பிரெஸ்லா நகரிலும் சுற்றுப்புறங்களிலும் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து நூல் வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே கிட்டப்பார்வை இருந்தது. நகரத்து உயர்நிலைப் பள்ளிகளிலோ நான்கில் ஒருவருக்கு மேல் இருந்தது. வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் ஏறிற்று. பள்ளிக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டு என்பது அன்றே தெளிவாயிற்று.

நூறாண்டுக்குப் பின் 1969-இல் அமெரிக்காவின் வடகோடியான அலாஸ்காவில், பனிப் பகுதியில் வாழும் எஸ்கிமோ மக்களிடையே நடந்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. பள்ளிக்கூடமே காணாமல் வேட்டையாடி வாழ்ந்த முதியோரிடம் கிட்டப்பார்வை மிக அரிது. பள்ளிக்குச் சென்ற இளந்தலைமுறையில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது இருந்தது. ஒரே குருதி, ஒரே குடும்பம். ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடாது. வாழ்க்கை முறைதான் மாறியிருந்தது.

நம் தமிழ் இனத்தவரிடமும் சான்று உண்டு. சிங்கப்பூரில் வாழும் இந்திய வம்சாவளியினருள் பெரும்பான்மையோர் தமிழர். கூலிகளாகவும் துறைமுகத் தொழிலாளர்களாகவும் கப்பலேறிச் சென்றவர்களுள் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட குலத்தவரும் இருந்தனர். அந்நாட்டில் இளைஞர்கள் கட்டாயப் படைப்பயிற்சி பெறவேண்டும். அப்போது கண் சோதனை நடைபெறும். 1990-களில் எடுக்கப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வின்படி, சீன இளைஞர்களில் நூற்றுக்கு 82 பேர், இந்திய இளைஞர்களில் ஏறத்தாழ 69 பேர், மலாய் இளைஞர்களில் 65 பேர் கிட்டப்பார்வை உடையவர்கள். படிப்பு உயர உயர அவ்வளவும் உயர்ந்தது. நம் நாட்டிலோ, அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டக் கிராமங்களில் 7 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 4 பேருக்கே அது இருந்தது. வயது வேறு, ஆய்வு முறை வேறு. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது முறையன்று. எனினும் கிராமத்துக்கும் நெருக்கமான நகரத்துக்கும் இடையே உள்ள தொலைவை இவை காட்டுகின்றன. தில்லியில் 2002-இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 7 பேர். 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வில் நூற்றுக்கு 13 பேர். அங்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டிலும் தனியார் பள்ளிப் பிள்ளைகளிடமே மிகுதி.

படிப்பு காரணமா, அல்லது கிட்டப்பார்வை உள்ளவர்கள் இயல்பாகவே படிப்பை நாடுகிறார்களா என்று ஒரு கேள்வி எழலாம். பிரித்தானியாவில் 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 68,000 பேரின் மரபணுத் தகவல்களைக் கொண்டு இதை ஆராய்ந்தது. கிட்டப்பார்வை படிப்பை மிகுவிப்பதாகச் சான்று கிடைக்கவில்லை. படிப்பே கிட்டப்பார்வையை மிகுவிக்கின்றது என்று தெரிந்தது. ஒவ்வோர் ஆண்டுப் படிப்பும் ஏறத்தாழ கால் டயாப்டரைக் கூட்டுகின்றது.

அன்பர்களே! இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். இதைக் கேட்டவுடன் "பார்த்தீர்களா, படித்தால் கண் கெடும்" என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கும். நம்மிடம் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எழுத்தைப் பார்க்கவும் கேட்கவும் கூடாதென்று நம் முன்னோருக்குத் தடை விதித்த நாடு இது. அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமர முடியாமல், வீட்டிலிருந்து தாமே கொண்டுசென்ற கோணிச் சாக்கின் மேல் தனியே அமர்ந்து படித்தார். 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டார். 1945-இல் அண்ணல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். ஏன்? கல்வி ஒன்றே நம் விலங்கை உடைக்கும் என்பதால். கண்ணைக் காக்கக் கல்வியைக் குறைப்போம் என்பவன், காலில் முள் குத்தும் என்பதற்காக நடையையே விடச் சொல்பவன். கல்வியைக் குறைக்காமல் கண்ணைக் காக்க வழி உண்டா என்பதே நம் கேள்வி. வழி உண்டு. அதற்குப் பணமும் வேண்டியதில்லை.

சிட்னி நகரிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, 6, 7 வயதினரை, ஒப்பிட்டு 2008-இல் ஆய்வு ஒன்று வெளியாயிற்று. சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்கே. ஒரே இனம். பெற்றோரின் கண்ணிலும் பெரிய வேறுபாடு இல்லை. சிட்னிப் பிள்ளைகள் நூல்களைக் குறைத்துப் படித்தவர்களும் அல்லர். வேறுபாடு எங்கே இருந்தது? சிட்னிப் பிள்ளைகள் வாரத்தில் ஏறத்தாழ 14 மணி நேரம் வெட்டவெளியில் இருந்தனர். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரமே இருந்தனர்.

ஆக, குற்றவாளி நூல் மட்டும் அன்று. நூலோடு சேர்ந்து வந்த நான்கு சுவர்களும் ஆகும். அறைக்குள் விளக்கொளி பெரும்பாலும் 100 முதல் 500 லக்ஸ் அளவே. வெளியே மேகமூட்டமான நாளில்கூட ஏறத்தாழ 10,000 லக்ஸ். நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை செல்லும். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால் இப்பெரும் வேறுபாட்டை நாம் உணர்வதில்லை, விழித்திரை உணர்கின்றது. நிறைந்த ஒளி படும்போது விழித்திரையில் டோபமின் என்னும் பொருள் மிகுதியாகச் சுரக்கின்றது. அது கண் அளவு கடந்து நீளாமல் தடுக்கின்றது என்பதே அறிவியலார் பலர் ஏற்கும் விளக்கம். கோழிக் குஞ்சுகளையும் குரங்குகளையும் கொண்டு செய்த சோதனைகளும் இதற்குத் துணை நிற்கின்றன. விளையாட்டின் உடலுழைப்பைக் காட்டிலும் வெளியே இருப்பதே முக்கியம். கூடத்துக்குள் ஆடும் ஆட்டத்தால் இப்பயன் கிட்டுவதில்லை.

இதைச் செயலிலும் செய்து பார்த்துள்ளனர். சீனத்தின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்து, 6 பள்ளிகளில் மட்டும் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே விட்டனர். மூன்றாண்டுக்குப் பின், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது; வெளியே விட்ட பள்ளிகளில் 30 பேருக்கே வந்திருந்தது. இஃது 2015-இல் வெளியான முடிவு. தைவான் அரசு 2010 முதல் நாளொன்றுக்கு 120 நிமிடம் பிள்ளைகள் வெளியே இருக்க வேண்டும் என்று பள்ளிகளைத் தூண்டியது. பல பத்தாண்டுகளாக ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறைவு, 2012-இல் நூற்றுக்கு 49 என்ற அளவிலிருந்து 2015-இல் 46 ஆக இறங்கிற்று. ஏறுவதே வழக்கமாயிருந்த ஒன்று முதன்முறையாக இறங்கியது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வெளியொளி கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில் வல்லது, வந்துவிட்டதை நிறுத்துவதில் அத்தனை வல்லது அன்று. ஆகவே சிறு வயதிலேயே தொடங்குதல் வேண்டும்.

இனி நம் பள்ளங்கிக்கு வருவோம். வானமே கூரையாக உள்ள இம்மலையில் பிள்ளைகளுக்கு வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். பூண்டும் கேரட்டும் பீன்சும் விளையும் இப்படித்தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டியர் முதுகு வளைந்து உழைத்தார்கள். வெயிலும் மழையும் பனியும் அவர்களுக்கு ஆண்டையின் மறு உருவங்கள். ஆகவே அவர்களின் கனவெல்லாம் ஒன்றே: என் பிள்ளை வெயிலில் நிற்கக்கூடாது, நிழலில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்க வேண்டும். அந்தக் கனவினால்தான் இந்தச் சங்கமே பிறந்தது. அந்தக் கனவினால்தான் இன்றும் நம் தாய்மார்கள், பிள்ளை பள்ளியிலிருந்து வந்தவுடன், "வெளியே போகாதே, உள்ளே உட்கார்ந்து படி" என்கிறார்கள். குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் அஞ்சிக் கதவைச் சாத்துகிறார்கள். சிறிய சன்னலுடைய நம் வீடுகளில், ஒற்றை விளக்கின் கீழ், பிள்ளை ஏட்டின் மேல் கவிழ்ந்து கிடக்கின்றது. அன்பு மிகுந்த செயல்தான். ஆனால் அந்த அன்பே கண்ணுக்குக் கேடு செய்கின்றது.

தாய்மார்களே! வெயில் நம் பகைவன் அன்று. வெயிலில் நம்மை நிறுத்தி வைத்த அடிமைத்தனமே பகைவன். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. வேலைக்காக வெயிலில் நின்ற காலம் முடிந்து, விளையாட்டுக்காக வெயிலில் நிற்கும் காலம் நம் பிள்ளைகளுக்கு வரவேண்டும். மண்வெட்டி பிடித்து நிற்பதற்கும் பந்தைத் துரத்தி ஓடுவதற்கும் உள்ள வேறுபாடே அடிமைக்கும் குடிமகனுக்கும் உள்ள வேறுபாடு. விடுமுறையில் கூலி வேலைக்கு அனுப்பிவிட்டு, கண்ணுக்கு நல்லது என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நாம் கேட்பது உழைப்பு அன்று, விளையாட்டு. பெண் குழந்தைகளுக்கும் இதுவே நீதி. ஆண் பிள்ளை பந்தாடப் போய்விடுகிறான். பெண் பிள்ளை அடுப்படிக்கும் ஏட்டுக்கும் இடையே அடைபட்டுக் கிடக்கிறாள். நம் அருகே அட்டுவம்பட்டியில் 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரேசா மகளிர் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கே நம் பெண்கள் சென்று பயில வேண்டுமாயின், அவர்கள் கண்ணும் வெளியொளி காண வேண்டும்.

கைப்பேசியைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசிக்குள் வந்தது. சீனத்தின் ஒரு நகரில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து வந்தவர்கள், 2015 முதல் 2019 வரை 6 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவாக இருந்த கிட்டப்பார்வை, 2020-இல் 21 பேருக்கு மேல் ஆனதைக் கண்டனர். கைப்பேசியைக் கையில் பிடித்திருக்கும் தொலைவு ஏட்டைவிடக் குறைவு. பார்க்கும் நேரமோ மிகுதி. நம் பிள்ளைகளுக்கு அக்கைப்பேசியே அன்று பள்ளியாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பள்ளி திறந்த பின்னும் அது கையை விட்டு இறங்கவில்லை. உலகம் முழுவதும் இதே போக்கு நீடித்தால், 2050-இல் மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கிட்டப்பார்வை உடையவராவர் என்று 2016-இல் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அளவு மிகுந்த கிட்டப்பார்வை பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் அழுத்த நோய் முதலியவற்றுக்கும் இடம் தருவதாகும்.

நம்மிடையே உலவும் சில தவறான எண்ணங்களையும் களைய வேண்டும். கண்ணாடி அணிந்தால் கண் மேலும் கெடும் என்பது முதலாவது. கெடுவது கண் வளர்வதால், கண்ணாடியால் அன்று. தேவையான கண்ணாடியை அணியாமல் விட்டால் கெடுவது படிப்பு. மேற்குச் சீனத்துக் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி தந்து பார்த்தபோது அவர்களின் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது என்று 2014-இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. அங்கும் இலவசமாகப் பெற்றவர்களில் பாதிக்கும் குறைவானோரே அணிந்திருந்தனர். கூச்சம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

கேரட் தின்றால் கண்ணாடி கழன்றுவிடும் என்பது இரண்டாவது. கேரட்டும் கீரையும் வைட்டமின் ஏ தரும், மாலைக்கண் வராமல் காக்கும், உண்ணுங்கள். ஆனால் நீண்டுவிட்ட கண்ணை எந்தக் கேரட்டும் குறுக்கிவிடாது. அப்படியாயின் கேரட் விளைக்கும் இவ்வூரில் எவருக்கும் கண்ணாடி தேவைப்பட்டிராது. கண் பயிற்சியால் பவர் போய்விடும் என்று விளம்பரம் செய்பவரிடமும் பணத்தை இழக்க வேண்டா. வளரும் பிள்ளைக்குப் பவர் ஏறுவதை மெதுவாக்கும் சொட்டு மருந்து உண்டு. அதைக் கண் மருத்துவர் பார்த்துத் தரவேண்டுமேயன்றி நாமாக வாங்கி இடலாகாது.

மூன்றாவது எண்ணம் மிகக் கொடியது. "கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவார்கள்?" என்று ஒரு பாட்டி நம்மிடமே கேட்டார். கரும்பலகை தெரியாமல் பள்ளியை விட்டு நின்ற பெண்ணைக் கட்டிக்கொள்வார்கள், கண்ணாடி அணிந்து பட்டம் பெற்ற பெண்ணைக் கட்டமாட்டார்களா பாட்டி என்று திருப்பிக் கேட்டோம். அவர் சிரித்தார். அடுத்த வாரம் பேத்தியை அவரே அழைத்துக்கொண்டு வந்தார்.

இனி நாம் செய்ய வேண்டியவை யாவை? ஐந்து பணிகளை இச்சங்கத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, நம் மாலை வகுப்பு இனி வகுப்பறையில் தொடங்க வேண்டா. வெளிச்சம் உள்ளவரை பிள்ளைகள் வெளியே ஆடட்டும். இருட்டியபின் ஏடு திறக்கட்டும். பள்ளி நேரத்தையும் விடுமுறையையும் சேர்த்து நாளொன்றுக்கு 2 மணி நேரம் வெளியே இருப்பது இலக்காகட்டும். பனிமூட்டம் என்று தயங்க வேண்டா. கம்பளிச் சட்டை அணிந்து வெளியே நின்றால் அங்கும் அறையைவிட ஒளி மிகுதி. மரநிழலும் போதும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: எக்காரணம் கொண்டும் சூரியனை நேரே பார்க்கலாகாது. 1899-இல் கோடைக்கானலில் நிறுவப்பட்ட வானாய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனை ஆராய்கின்றனர்; அவர்களும் கருவிகளின் வழியே அதன் பிம்பத்தைப் பார்க்கின்றனரேயன்றி வெறுங்கண்ணால் நோக்குவதில்லை.

இரண்டாவது, படிக்கும் முறை. ஏடு கண்ணிலிருந்து ஓரடித் தொலைவில் இருக்கட்டும். படுத்துக்கொண்டு படிக்க வேண்டா. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து வாசலுக்கு வந்து எதிர்மலையைப் பார்த்துவிட்டு மீள்க. நகரத்துப் பிள்ளைக்கு எதிரே சுவர். நமக்கு எதிரே மலை. இச்செல்வத்தைப் பயன்படுத்திக்கொள்வோம்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் சோதித்தல். எழுத்து அட்டையை நல்ல வெளிச்சத்தில் மாட்டி, 6 மீட்டர் தொலைவில் பிள்ளையை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் செய்ய வேண்டும். இரு கண்ணையும் சேர்த்துச் சோதித்தால் ஒரு கண்ணின் குறை மறைந்துவிடும். எழுத்தறியாச் சிறுவர்க்குத் திசை காட்டும் அட்டை உண்டு. படித்த இளைஞர் எவரும் இதைக் கற்றுக்கொள்ளலாம். குறை தெரிந்தவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அடுத்த படி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் சோதனை செய்து இலவசக் கண்ணாடி வழங்கும் ஏற்பாடு உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது உரிமை. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று ஏழை எளியோர் நாடும் பெரும் நிறுவனமாக உள்ளது. தேனியிலும் அதன் மருத்துவமனை உண்டு. மலையிறங்கிச் செல்ல வழிச்செலவு இல்லை என்பதால் எந்தப் பிள்ளையும் நின்றுவிடக் கூடாது. அச்செலவைச் சங்கம் ஏற்கட்டும்.

நான்காவது, பள்ளியில் இருக்கை. முற்காலத்தில் நம் பிள்ளைகளைக் கடைசியில் அமர்த்தியது சாதி. இன்று உயரம் என்பார்கள், குறும்பு என்பார்கள், வேறு காரணம் சொல்வார்கள். காரணம் எதுவாயினும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகிறதா என்று கேட்பது பெற்றோர் கடமை. வாரம் ஒரு வரிசையாக இருக்கையை மாற்றி அமர்த்துமாறு ஆசிரியர்களைப் பணிவோடும் உறுதியோடும் கேட்போம். மதிப்பெண் திடீரென்று குறைந்தால் பிரம்பை எடுக்குமுன் கண்ணைப் பார்ப்போம்.

ஐந்தாவது, பெரியோர்களின் கண். 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது இயற்கை. அசாமில் தேயிலை பறிக்கும் தொழிலாளர்களுக்கு எளிய கண்ணாடி தந்து பார்த்தபோது, தராதவர்களைக் காட்டிலும் அவர்கள் பறிக்கும் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிற்று என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. தாயும் தந்தையும் கண்ணாடி அணிந்து பூண்டு தரம் பிரிக்கும் வீட்டில், பிள்ளை கண்ணாடி அணியக் கூசுமா?

இளைஞர்களே! கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். நமக்கோ நெடுங்காலம் அக்கண்ணை மூடி வைத்தார்கள். இச்சங்கம் 25 ஆண்டுகளாக அதைத் திறக்கப் பாடுபட்டது. அகக்கண் திறக்கும் அவசரத்தில் புறக்கண்ணை இழந்துவிடலாகாது. இரண்டும் நமக்கு வேண்டும். அருகே ஏட்டில் உள்ள எழுத்தும் தெரிய வேண்டும்; தொலைவில் எதிர்மலையில் நிற்கும் தாயின் முகமும் தெரிய வேண்டும். படித்துப் பதவி பெற்றபின் அருகில் உள்ள தன் வாழ்வை மட்டும் கண்டு, தொலைவில் நிற்கும் தன் மக்களைக் காணாதவனுக்கும் ஒருவகைக் கிட்டப்பார்வைதான். அதற்குக் கடையில் கண்ணாடி கிடைப்பதில்லை. அதனை நாமே அணிந்துகொள்ள வேண்டும்.

பொன்விழா காணும் நாளில், கண் தெரியாததால் படிப்பை விட்ட பிள்ளை பள்ளங்கியில் ஒருவர்கூட இல்லை என்று செயலாளர் தம் அறிக்கையில் வாசிக்கட்டும். அவ்வொரு வரிக்காக இன்றே உழைக்கத் தொடங்குவோம்.